ப்ளீச் போட்டதும் வந்த கறை

போன மாசம் ஒருநாள் நைட் டூட்டி முடிச்சு ஹேண்ட் ஓவர் கொடுத்துட்டு கிளம்பறேன், புதுசா சேர்ந்திருக்கிற பொண்ணு ஒருத்தி வந்து நின்னா. கையில அவளோட வெள்ளைக் கோட்டு, சுருட்டி வெச்சிருந்தா. "அக்கா இதைக் கொஞ்சம் பாருங்களேன்"ன்னு விரிச்சா. ரெண்டு கை முனையிலயும் பாக்கெட் ஓரத்துலயும் காபி கலர்ல திட்டுத் திட்டா கறை. காபி கொட்டிட்டியாடின்னு கேட்டேன். இல்லக்கா ஒண்ணுமே கொட்டல, நேத்து வரைக்கும் சும்மா அழுக்காத்தான் இருந்துச்சு, பளிச்சுன்னு ஆகட்டும்னு ப்ளீச்ல ஊற வெச்சேன், எடுத்துப் பார்த்தா இப்படி ஆயிருச்சு, ப்ளீச்சு டூப்ளிகேட்டா இருக்குமோன்னா.

ப்ளீச்சு ஒரிஜினல்தான். அதான் பிரச்சனையே.

வார்டுல கை கழுவற ஸ்க்ரப், ஹேண்ட் ரப் பாட்டில் பலதுலயும் லேபிளைப் படிச்சா குளோர்ஹெக்சிடின்னு ஒரு கிருமிநாசினி பேரு போட்டிருக்கும். நாள் பூரா அதுல கையைக் கழுவி கழுவி, ஈரக் கையோட பாக்கெட்ல பேனா எடுக்கிறோம், கை முனையில அது பட்டுக்கிட்டே இருக்கு. பருத்தி நூல்ல அது ஒட்டிக்கும், சாதாரணமா துவைச்சா முழுசாப் போகாது, ஆனா கண்ணுக்கும் தெரியாது. அது மேல குளோரின் ப்ளீச் பட்டுச்சுன்னா அவ்வளவுதான், ப்ரவுனா மாறி நிரந்தரமா உக்காந்துக்கும். அந்தக் கோட்டை என்னால காப்பாத்த முடியல. இனிமே வீட்டுக்குப் போட்டுக்கோன்னு சொன்னேன், ஆஸ்பத்திரி கோட்டை வீட்ல எதுக்குக்கா போடறதுன்னா, அதுவும் நியாயம்தான்.

முப்பது வருஷமா வெள்ளை உடுத்தறேன், ரத்தம், சீழ், மருந்து, சாம்பார், இங்க்னு அதுல படாத எதுவும் கிடையாது. நான் பார்த்த வரைக்கும் கறையால வீணாப் போன துணியை விட, கறையை எடுக்கிறேன்னு நாம பண்ற வைத்தியத்தால வீணாப் போன துணிதான் ஜாஸ்தி. என்ன நோவுன்னே பாக்காம ஊசி போடற மாதிரிதான், கறையைப் பார்த்ததும் சோப்பைப் போடு, சுடுதண்ணி ஊத்து, ப்ளீச்சைக் கொட்டுன்னு ஓடறோம்.

எனக்கு இதெல்லாம் ஸ்கூல்ல யாரும் சொல்லித்தரல. எங்க ஊரு தாமிரபரணிக் கரை, ஏரல் பக்கம், சுத்தி வாழைதான். அப்பாகிட்ட ரெண்டே வகை வேட்டி இருந்துச்சு, தோட்டத்து வேட்டி, வெளி வேட்டி. ரெண்டும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கினதா இருக்கும், ஆனா ஒரு தடவை தாரு வெட்டப் போயிட்டு வந்துச்சுன்னா அது அப்புறம் ஜென்மத்துக்கும் தோட்டத்து வேட்டிதான், வெளிய வராது. வாழைத்தாரு வெட்டறதைப் பக்கத்துல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், அரிவாள் பட்ட இடத்துல இருந்து வடியற பாலு தண்ணி மாதிரி இருக்கும், பெருசா கலரே கிடையாது, வேட்டியில பட்டா ஈரம்னு நினைச்சு விட்டுருவோம். சாயந்தரம் பார்த்தா மஞ்சள், மறுநாள் ப்ரவுனு, ஒருதடவை துவைச்சு வெயில்ல போட்டா கறுப்பு. காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டு நிறம் மாறுது, வெட்டி வெச்ச வாழைக்காய், கத்தரிக்காய் கறுக்குதே அதே சங்கதிதான். அதனாலதான் வாழைக்காய் நறுக்கறப்போ தண்ணியில போடறோம். இளநீரும் இப்படித்தான், குடிக்கிறப்போ நெஞ்சுல சொட்டினது ஒண்ணுமே தெரியாது, அப்படியே மடிச்சு வெச்சுட்டு அடுத்த மாசம் எடுத்தா, இது எங்கிருந்து வந்துச்சுன்னு முழிப்போம். கண்ணுக்குத் தெரியற கறையை நாம உடனே கவனிச்சிருவோம், தெரியாத கறைதான் வேலையைக் காட்டும்.

அம்மா மண்ணெண்ணெய் வெச்சுத் தேய்ப்பா, எலுமிச்சம்பழம் வெச்சுத் தேய்ப்பா, ஒண்ணும் ஆகாது, வேட்டி மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும் அவ்வளவுதான். "வேட்டி கிழிஞ்சாலும் இந்தக் கறை கிழியாதுட்டி"ன்னு சொல்லுவா. நிஜம்தான், அந்த வேட்டியெல்லாம் கிழிச்சு அடுப்படித் துணியானப்புறமும் கறை அப்படியே இருந்துச்சு.

வெளி வேட்டி மட்டும் வீட்ல துவைக்கக் கூடாது, வெளுக்கப் போகும். ஊர்ல வெளுக்கிற குடும்பம் ரெண்டு இருந்துச்சு. பெரியவர் ஒருத்தர், என் தாத்தா வயசு, ஆனா நாங்க அரை டிராயர் போட்ட வாண்டுங்க கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அவர் எங்களை வாங்க போங்கன்னுவார், திண்ணைக்குக் கீழ நின்னுதான் மூட்டையை வாங்குவார். இப்போ நினைச்சா உடம்பு கூசுது. ஊர்ல ஒவ்வொரு பொண்ணுக்கும் எப்போ தூரம்னு தெரிஞ்சு மாத்துத் துணி கொண்டு வந்து கொடுத்தது அவங்க வீட்டுப் பாட்டிதான். எங்க வெள்ளையெல்லாம் அவங்க முதுகுல ஏறி வந்த வெள்ளை. கூலி அறுப்புக்கு அறுப்பு நெல்லு, தினம் ராத்திரி சோறு.

அவர் வேலை பாக்கறதை ஆத்தங்கரையில உக்காந்து பார்த்திருக்கேன். உவர்மண்ணைக் கரைச்சு அதுல துணியை முக்கி எடுப்பார். உவர்மண்ல இயற்கையாவே சோடா உப்பு இருக்கு, அது எண்ணெய்ப் பிசுக்கையும் வேர்வையையும் இளக்கிவிடும். அப்புறம் வெள்ளாவி. பெரிய பானையில தண்ணி, அதைச் சுத்தியும் மேலயும் துணியை அடுக்கி மூடி, அடியில தீ. துணி தண்ணியில கொதிக்காது, ராத்திரி பூரா ஆவியில வேகும். விடிஞ்சதும் கல்லுல நாலு அடி, ஓடற தண்ணியில அலசல், அப்புறம் ஆத்து மணல்ல விரிச்சுப் போடுவார். காயக் காயத் தண்ணி தெளிப்பார், ஏன் காஞ்ச துணியை மறுபடி நனைக்கீங்கன்னு கேட்டதுக்கு, ஈரமா இருந்தாத்தான் வெயிலு உள்ள எறங்கும்னார். வெளுக்கிறது வெயில், சோப்பு இல்லைங்கிறது எனக்கு அங்கதான் தெரிஞ்சுது.

நல்லா யோசிச்சா, உலகம் பூரா அப்படித்தான் வெளுத்துக்கிட்டு இருந்தாங்க, காரம், வெயில், தண்ணி, பொறுமை. சென்னையில வண்ணாரப்பேட்டைன்னு ஒரு ஏரியாவே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஏற்றுமதித் துணியை வெளுக்கிறவங்க இருந்ததால வந்த பேருதான். ஐரோப்பாவுலயும் வாரக்கணக்கா, மாசக்கணக்கா புல்வெளியில துணியை விரிச்சுப் போட்டுத்தான் வெளுத்தாங்க. 1799ல கிளாஸ்கோல சார்லஸ் டெனன்ட்ங்கிறவர் ப்ளீச்சிங் பவுடருக்கு பேட்டன்ட் எடுத்தார், மாசக்கணக்கு வேலை நாள்கணக்கா சுருங்கிருச்சு. அன்னிலேர்ந்து நமக்கு அவசரம்.

1993ல நர்சிங் சேர்ந்தேன். வெள்ளைச் சேலை, வெள்ளை ஜாக்கெட், தலையில கஞ்சி போட்ட கேப், காலையில ஆறரைக்கு வரிசையா நிக்கணும், ட்யூட்டர் மேடம் முந்தியைத் தூக்கிப் பார்ப்பாங்க. எங்க ஹாஸ்டல் போர் தண்ணி இருக்கே, பிடிச்சதும் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒருமணி நேரம் பக்கெட்ல வெச்சா மேல லேசா எண்ணெய்ப் படலம் மாதிரி மினுங்கும், அடியில செம்மண் கலர்ல படியும். இரும்புத் தண்ணி. அதுல துவைச்சுத் துவைச்சு சேலை மஞ்சளாகுதுன்னு நாங்க பத்து பேரு காசு போட்டு ப்ளீச்சிங் பவுடர் வாங்கி ஊற வெச்சோம். மறுநாள் வரிசையில பத்து பேரும் சந்தனக் கலர்ல நிக்கறோம். மேடம் ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் "எந்தக் கோயில்ல மஞ்சத் தண்ணி ஊத்தினாங்க"ன்னு கேட்டாங்க பாருங்க, இன்னிக்கும் எங்க செட் வாட்ஸாப் குரூப்புக்கு அதான் பேரு, மஞ்சத் தண்ணி.

ஏன்னா தண்ணியில கரைஞ்சிருக்கிற இரும்பைக் குளோரின் துருவா மாத்திரும், அது நூல்ல போய் படியும். வெள்ளையாக்கப் போட்ட மருந்தே மஞ்சளாக்கும். இந்த ஊருத் தண்ணிக்கு ப்ளீச் ஆகாது, எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் போட்டு வெயில்ல வைன்னு சமையல்கார அக்காதான் சொல்லிக் கொடுத்தாங்க. துரு புளிப்புக்குத்தான் இளகும், காரத்துக்கு இளகாது. இஸ்திரிப் பெட்டித் துரு, கொக்கித் துரு, ஆணியில மாட்டின துரு எல்லாத்துக்கும் அதான். மெஸ்ல எலுமிச்சம்பழம் அடிக்கடி காணாமப் போச்சுன்னு ஒரு விசாரணைகூட நடந்துச்சு, அதை விடுங்க.

உப்புத் தண்ணி ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணு. பார் சோப்பு கடினத் தண்ணியில நுரைக்காது, தண்ணியில இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து வெள்ளையாத் திரிஞ்சு பிசின் மாதிரி துணியில ஒட்டிக்கும், அது மேல அழுக்கு ஒட்டும். துணி சாம்பல் பூக்கிறது அதனாலதான், அழுக்குனால இல்ல, அலசாத சோப்புனால. இன்னும் சோப்பு போடுன்னு போட்டா இன்னும் சாம்பல். தண்ணியில கொஞ்சம் சலவை சோடாவைக் கரைச்சு விட்டுட்டு அப்புறம் பவுடர் போட்டுப் பாருங்க.

சரி, மருந்துக்கறைக்கு வாரேன். ரெண்டாம் வருஷம் ஆபரேஷன் தியேட்டர் போஸ்டிங். கஞ்சி மொடமொடன்னு போட்ட சேலையோட டிரெஸ்ஸிங் ட்ரே தூக்கிட்டுப் போறேன், பெட்டாடின் கிண்ணம் சாஞ்சு முந்தியில ஊத்திருச்சு. பெட்டாடின் ப்ரவுனு கலருதானே, கழுவிட்டா போயிரும்னு திரும்பறதுக்குள்ள முந்தி கருநீலமா மாறிட்டு இருக்கு. பக்கத்துல இருந்தவ "ஏட்டி என்னாச்சு, இங்க்கா"ன்னு அலறினா. எனக்கு அழுகையே வந்துருச்சு, அப்போ அனஸ்தீஷியா டாக்டர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே, எட்டாங்கிளாஸ்ல உருளைக்கிழங்குல அயோடின் ஊத்தினியே மறந்துட்டியாம்மான்னார். ஸ்டார்ச்சு! கஞ்சின்னா அதான, பெட்டாடின்ல இருக்கிறது அயோடின்தான. பச்சைத் தண்ணியில முதல்ல நல்லா அலசினேன், பாதி அங்கயே போச்சு. மிச்சத்துக்கு வைட்டமின் சி மாத்திரையை நுணுக்கித் தண்ணியில கரைச்சு ஊத்தினோம், கண்ணு முன்னாடி, மாயாஜாலம் மாதிரி அந்த நீலம் வெளுத்துப் போச்சு. அயோடினை அது நிறமில்லாத அயோடைடா மாத்திருதாம். கான்டிஸ் தண்ணி, அதான் பொட்டாசியம் பெர்மாங்கனேட், அது கொட்டின ப்ரவுனுக்கும் இதே வைட்டமின் சி கேக்கும். வாய்ப்புண்ணுக்குத் தடவற ஊதா மருந்து இருக்கே அதுக்கு மட்டும் ஸ்பிரிட்தான், பஞ்சுல நனைச்சு ஒத்தி ஒத்தி எடுக்கணும், தேய்ச்சீங்க செத்தீங்க, உள்ளங்கை அளவு இருக்கிறது முழங்கை அளவு ஆயிரும். பால்பாயின்ட் பேனாவுக்கும் அதே ஸ்பிரிட்டு, அடியில ஒரு பழைய துணியை வெச்சுக்கிட்டு.

ரத்தம் எனக்கு ஒரு கறையே இல்ல. பச்சைத் தண்ணி, உடனே, அவ்வளவுதான். சுடுதண்ணி மட்டும் ஆகாது, முட்டை வெள்ளைக்கரு சூட்டுல இறுகற மாதிரி ரத்தத்துல இருக்கிற புரதமும் இறுகிரும், அப்புறம் யார் வந்தாலும் போகாது. காஞ்சு போயிருந்தா ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம் போதும், ஊத்தினதும் பொங்கும், பொங்கி அடங்கினதும் அலசிரணும், ஊற வெச்சுட்டு டிவி பாக்கப் போயிராதீங்க, நூல் நஞ்சு போயிரும். பொம்பளைங்களுக்கு இது தனியா சொல்லணுமா என்ன, நமக்கு வயசுக்கு வந்த நாள்லேர்ந்து தெரிஞ்ச வித்தை, ஆனா யாரும் இதை வீட்டுக் குறிப்புன்னு பத்திரிகையில போட மாட்டாங்க, ஆம்பளைங்க சட்டைக் காலரு அழுக்குக்குத்தான் பக்கம் பக்கமா எழுதுவாங்க.

நீலம் பத்தி சொல்லாம விட்டா எங்க அம்மா கனவுல வந்து திட்டுவா. பழைய ராபின் நீலம் தண்ணியில கரையாது, மிதக்கிற தூள்தான், அதான் துணியில முடிஞ்சு தண்ணியில ஆட்டுவாங்க, இல்லைன்னா புள்ளி புள்ளியா உக்காரும். 1983ல திருச்சூர்ல ஆரம்பிச்ச உஜாலா வந்தப்புறம் சொட்டு நீலம்னு ஆகி நம்ம ஊரு முழுக்க மாறிருச்சு. எதுவா இருந்தாலும் நீலம் துணியை வெளுக்கிறது கிடையாது, கண்ணை ஏமாத்துது. மஞ்சள் ஏறின துணியில லேசா நீலம் சேர்ந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு வெள்ளை மாதிரித் தெரியும், அவ்வளவுதான், அடியில மஞ்சள் அப்படியே இருக்கு. பவுடர்ல போடற பளபளப்பு மருந்தும் அதே ஜாதிதான், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சத்தை வாங்கி நீலமா திருப்பி விடும். தப்புன்னு சொல்லல, நானும் போடறேன். முதல்ல பக்கெட் நிறைய தண்ணி, அதுல சொட்டு, நல்லா கலக்கினப்புறம் துணியை உதறி விரிச்சு ஒரே முக்கு. துணி மேல நேரா சொட்டு விடற ஆளுங்க இன்னும் இருக்காங்க, என் வீட்டுக்காரர் உள்பட.

இன்னொரு பக்கம் பார்த்தா, போகவே கூடாதுன்னு நாமளே போடற கறையும் உண்டு. சேங்கொட்டை. அந்தக் காயோட சாறையும் சுண்ணாம்பையும் சேர்த்து துணி ஓரத்துல ஒரு புள்ளி, ஒரு கோடுன்னு குறி போடுவாங்க, எத்தனை வெள்ளாவிக்கும் போகாது. எங்க வீட்டுக் குறி ரெண்டு புள்ளி ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவர் ஊர்ல இருந்த அத்தனை வீட்டுக் குறியையும் மனசுலயே வெச்சிருந்தார், ஒரு துணி மாறினது கிடையாது. நான் ஹாஸ்டலுக்குப் போறப்போ என் சேலைக்கெல்லாம் அவர்தான் குறி போட்டுக் கொடுத்தார், கை பட்டா புண்ணாயிரும் தாயி, நீங்க தொடாதீங்கன்னு தள்ளி நிக்க வெச்சுட்டு, அவர் வெறுங்கையால போட்டார்.

பீரோவுல வெச்ச வெள்ளை தானா மஞ்சளாகறதுக்கு ஒரு காரணம் நாம பத்திரமா வெக்கிறோம்னு நினைச்சுப் போடற பிளாஸ்டிக் கவர்தான். சில கவர்ல கலந்திருக்கிற ஒருவகை மருந்து துணியில ஏறி மஞ்சளாகும். கஞ்சியோடயும் வெக்காதீங்க, பூச்சிக்கு விருந்து. கஞ்சியில்லாம துவைச்சு, பழைய பருத்தித் துணியில சுத்தி வைங்க, போதும்.

கோவப்பட்டு சொல்ற ஒரு விஷயம், பாத்ரூம் கழுவற ஆசிட்டையும் ப்ளீச்சையும் ஒண்ணா ஊத்தாதீங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திக்கிட்டு ஒரே பக்கெட்ல ரெண்டையும் ஊத்திட்டு, மூச்சு விட முடியாம கேஷுவாலிட்டிக்கு வந்தவங்களுக்கு நானே ஆக்சிஜன் மாஸ்க் போட்டு விட்டிருக்கேன். ஒரு வேட்டிக்காக.

போன வாரம் அண்ணன் மகளுக்கு நலுங்கு. அண்ணன் புது வேட்டியில, எட்டு முழம், ஓரம் மெல்லிசா தங்கக் கலர் ஜரிகை, யாரோ மஞ்சக் கையைத் துடைச்சுட்டாங்க. மதினி உடனே சோப்பை எடுத்துத் தேய்ச்சிருக்கா, மஞ்சள் ரத்தச் சிவப்பா மாறினதும் வீடே அதிர்ற மாதிரி ஒரு கத்து. நான் போய்ப் பார்த்துட்டு சிரிச்சேன், ஆரத்திக்கு என்ன கரைக்கீங்க மதினி, மஞ்சளும் சுண்ணாம்பும்தான, அதேதான் இது, சோப்புக் காரம் பட்டா மஞ்சள் செவக்கும், அலசுங்க, பழையபடி மஞ்சளாயிரும்னேன். "மஞ்சளாயிரும்னா, போகாதா"ன்னா. போகும், ஆனா நீங்க பண்ணாதீங்க, சும்மா விடுங்க. மஞ்சளுக்கு வெயில்தான் எமன். கோயில் கொடை முடிஞ்ச மறுநாள் மஞ்சள் சேலையெல்லாம் வெயில்ல போட்டா எப்படி வெளிறிப் போகுதுன்னு பார்த்ததில்லையா.

நல்லா அலசி, பிழியாம, ஈரத்தோட மொட்டை மாடியில கறைப் பக்கம் மேல பாக்கற மாதிரி விரிச்சு நாலு மூலைக்கும் செங்கல் வெச்சேன். பதினோரு மணி. ஒரு சொம்புல தண்ணி எடுத்துட்டுப் போய் அப்பப்போ தெளிச்சேன், அந்தப் பெரியவர் ஆத்து மணல்ல தெளிச்ச மாதிரியே. ரெண்டு மணிக்கு மதினி மேல ஏறி வந்து, என்னமோ வெளிறுற மாதிரித்தான் தெரியுது, ஆனா ப்ளீச் ரெண்டு சொட்டு விட்டா சீக்கிரம் ஆயிருமேன்னா. சொம்பை அவ கையில கொடுத்துட்டுக் கீழ சாப்பிடப் போனேன். நாலு மணிக்கு வந்து பார்க்கிறேன், ஜரிகைக்கு ஒண்ணும் ஆகல, சொம்புல பாதித் தண்ணி மிச்சம் இருக்கு, கைத்தடம் இருந்த இடத்துல உத்துப் பார்த்தா மட்டும் தெரியற மாதிரி ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு எலுமிச்சைச் சாயல். வெயில் எதிர் வீட்டு டாங்குக்குப் பின்னாடி போயிருச்சு. நாளைக்கு இன்னொரு வெயிலு வெக்கணும்.